மீட்ட சுரங்க நிலத்தைச் சோதிக்க எது சரி: நடையா, ட்ரோனா, செயற்கைக்கோளா, துளைக்கருவியா?

நெய்வேலிச் சாலையில் முதன்முறை போகிறவர்கள் தூரத்தில் தெரியும் மேட்டைப் பார்த்து மலை என்று நினைத்துக்கொள்வார்கள். கடலூர் மாவட்டத்தின் அந்தச் சமவெளியில் மலை ஏது? பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக, அதன் மேல் கிடந்த மண்ணை வெட்டிக் கொட்டிய மேடு அது. சுரங்கத்தில் அதை மேல்மண் என்பார்கள். தோண்ட ஆரம்பிக்கும்போது அந்த மண்ணை வெளியே கொட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. குழி பெரிதான பிறகு கதை மாறும். ஒரு பக்கம் பக்கெட் வீல் என்ற வாளிச்சக்கர இயந்திரம் வெட்டிக்கொண்டே போகும். கரி எடுத்து முடிந்த பக்கத்தில் ஸ்ப்ரெடர் என்ற இயந்திரம் மண்ணைத் திரும்பக் கொட்டிக்கொண்டே வரும். அப்படி நிரம்பிய இடத்தைச் சமன் செய்து மரம் நட்டால் அது 'மீட்ட நிலம்' ஆகிவிடுகிறது.

அந்த நிலம் நிற்குமா, மழைத்தண்ணீர் ஒழுங்காக வடியுமா என்று பார்க்க வேண்டிய நிலைமை பலருக்கு வருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர், ஒப்பந்தத்தில் ஆய்வுக்கு வந்தவர், மேட்டடியில் வயல் வைத்திருப்பவர், அந்த நிலத்தில் ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கும் ஊராட்சி என்று எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் ட்ரோன் விடலாம் என்கிறார். இன்னொருவர் செயற்கைக்கோள் படமே போதும் என்கிறார். மூன்றாமவர் துளை போட்டுக் கருவி இறக்காமல் ஒன்றும் தெரியாது என்கிறார். நடந்து பார்ப்பதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் நடந்து பார்ப்பதும், மண்ணுக்குள் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும் முதலில். படம் எடுப்பதெல்லாம் அப்புறம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

காலங்காலமாக அமுங்கிக் கிடந்த மணற்கல்லையும் களிமண்ணையும் பெயர்த்து, உதிர்த்து, உயரத்திலிருந்து கொட்டியிருக்கிறோம். உள்ளே வெற்றிடம் நிறைய. தன் எடையிலேயே அது அமுங்கும். முதல் சில ஆண்டுகள் வேகமாக, பிறகு மெதுவாக. இதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்க்காதது இன்னொன்று. அதுவரை உலர்ந்திருந்த நிரப்பு மண்ணுக்குள் முதன்முறையாக நீர் ஏறும்போது கட்டிகள் இளகி, மண் மளமளவென்று உட்காரும். தளர்வாகக் கொட்டிய மண் இப்படி நனைந்து தன் தடிமனில் 1 சதவீதம் இறங்கினாலே, 50 மீட்டர் நிரப்பில் அரை மீட்டர் ஆகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்கினால் பரவாயில்லை. பழைய குழியின் விளிம்பில் ஒரு பக்கம் பிறவி மண், மறுபக்கம் ஆழமான நிரப்பு. அங்கே குறுக்கே போகும் வாய்க்காலின் வாட்டம் தலைகீழாகி, வடிய வேண்டிய தண்ணீர் அங்கேயே தேங்கி, தேங்கிய தண்ணீர் மண்ணை இன்னும் நனைக்கும். நிலைத்தன்மையும் வடிகாலும் இரண்டு தனித்தனி ஆய்வுகள் என்று படிவங்களில் பிரித்து வைத்திருப்பார்கள். களத்தில் அவை ஒன்றுதான்.

வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில் 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு ஒன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். 1958இல் அந்த மேட்டைக் கொட்ட ஆரம்பித்த இடத்தில் ஊற்றுகள் இருந்தன. ஊரார் அதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். மேட்டின் மேல்பரப்பை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஊற்று யார் கண்ணிலும் படாது.

நெய்வேலியின் நிலைமைக்கு அபர்வானை விடக் கிட்டத்தில் வருவது ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட் என்று நினைக்கிறேன். அதுவும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். மூடிய பிறகு குழியில் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கிக்கொண்டிருந்தார்கள். 2009 ஜூலை 18 அதிகாலை கரையோடு சேர்ந்து வீடுகள் ஏரிக்குள் போயின. மூன்று பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில், ஆழத்தில் இருந்த நீர்த்தாங்கியில் (நீர் தேங்கி நிற்கும் நிலத்தடி அடுக்கில்) அழுத்தம் அதிகமாக இருந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. நெய்வேலியின் கதையே அப்படிப்பட்ட அழுத்த நீரில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கி, மண்ணை வெட்ட ஆரம்பித்தபோது பெரிய சவாலாக நின்றதும் கரிப்படுகைக்கு அடியில் இருக்கும் அந்த ஆர்ட்டீசியன் நீர்தான். சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் குழியின் அடிப்பகுதி பொங்காமல் நிற்கும். என்றாவது ஒருநாள் அந்தப் பம்புகள் நிற்கும், அல்லது அடுத்த வெட்டுமுகத்துக்கு நகரும். அன்று நிரப்பு மண்ணுக்குள் நீர் ஏறத் தொடங்கும்.

ஆக, ஒரு சோதனை முறையிடம் நான் கேட்பது இவற்றைத்தான். அது நீரைப் பார்க்கிறதா. மேலே ஓடும் நீரை மட்டுமா, உள்ளே நிற்கும் நீரையும்கூடவா? எவ்வளவு சிறிய நகர்வைக் காட்டும், எவ்வளவு சீக்கிரம்? ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்யுமா, அல்லது மழை விட்ட பிறகுதான் வருமா? அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து இந்த ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட முடியுமா? கடைசியாக, ஐந்து ஆண்டுக்கு மொத்தம் என்ன ஆகும்?

ஐந்து ஆண்டு என்ற கணக்கு நான் கையில் இருந்து போட்டது இல்லை. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சுரங்க நில மீட்புச் சட்டத்தில், மழை ஓரளவு பெய்யும் பகுதிகளில் கடைசி நடவுக்குப் பிறகு 5 ஆண்டும், வறண்ட பகுதிகளில் 10 ஆண்டும் நிறுவனத்தின் பொறுப்பு தொடர்கிறது. அதுவரை நிறுவனம் கட்டிய வைப்புத்தொகை முழுவதும் அதன் கைக்குத் திரும்ப வராது. இடையில் மாதம் ஒரு சிறு ஆய்வு, மூன்று மாதத்துக்கு ஒரு முழு ஆய்வு. இந்த அளவு இடைவெளியில் பார்த்தால்தான் நிரப்பு நிலத்தின் போக்கு பிடிபடும். எனவே ஒருமுறைச் செலவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

நம் ஊரில் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள், 2017 மண்மேட்டின் வடிவத்துக்கு வரம்பு வைக்கிறது. சரிவு 37.5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிப்படியாக வெட்ட வேண்டும். மொத்தச் சரிவு, 1 பங்கு உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு கிடைத்தூரம் என்ற அளவைத் தாண்டக்கூடாது. இது வடிவக் கணக்கு. வடிவம் விதிப்படி இருக்கும்போதே உள்ளே நீர் ஏறி மேடு சரியலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## 1. நடந்து பார்த்தல்

மழை விட்ட மறுநாள் காலை. அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்; பலர் வண்டியில் உச்சிக்குப் போய் அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேட்டின் அடிதான் பேசும். கசிவு அங்கேதான் வரும். மண் புடைத்துத் தள்ளுவதும் அங்கேதான். கசியும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். தெளிவாக இருந்தால் அளவை மட்டும் குறித்துக்கொண்டு நகரலாம். கலங்கி வந்தால் உள்ளிருந்து நுண்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அங்கே அன்றைக்கே யாரையாவது கூப்பிட வேண்டும். செம்பழுப்புக் கறை படிந்திருந்தால் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். கரியோடு வரும் கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். அந்த அமிலம் வடிகாலின் கான்கிரீட்டையும் தின்னும், கீழே இருக்கும் வயலையும் கெடுக்கும்.

மழைக்காலத்தில் எல்லாமே ஈரமாக இருப்பதால் கசிவைத் தனியாக அடையாளம் காண்பது கஷ்டம். அதனால் சித்திரை வெயிலில் ஒரு நடை கட்டாயம் வேண்டும். சுற்றிலும் புல் காய்ந்திருக்க, சரிவின் நடுவில் ஒரு திட்டில் மட்டும் கோரை பச்சையாக நிற்கிறதா? அங்கே உள்ளே தண்ணீர் நிற்கிறது. ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். எந்தப் படியில் கோடையிலும் ஈரம் காயாது என்பது அவர்களுக்குத் தெரியும். நான் ஒரு முறை இரண்டு நாள் தேடிக் காணாத ஊற்றை ஒரு பாட்டி, மேட்டின் மறுபக்கம் கை நீட்டி, "அங்கதான் குட்டிங்க தண்ணி குடிக்கும்" என்று காட்டினார்.

மேலே போனால் உச்சியின் ஓரத்துக்கு இணையாக ஓடும் பிளவுகளைத் தேட வேண்டும். பிளவின் இருபுறமும் இரும்புக் கம்பி அடித்து, நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அது 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் எந்த விலை உயர்ந்த கருவியும் அதை விடத் தெளிவாகச் சொல்லாது. படிகளில் தண்ணீர் உட்பக்கம் ஓடுகிறதா, விளிம்பைத் தாண்டி வழிகிறதா? மேட்டைச் சுற்றிப் போகும் வடிகாலான கார்லண்ட் டிரெயினில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறதா? வண்டல் குட்டை பாதிக்கு மேல் மேடு தட்டிவிட்டதா? சவுக்கு மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால், மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம்.

இதன் மறைமுகச் செலவு மனிதர்கள்தான். ஒரே ஆள் தொடர்ந்து போக வேண்டும், தனியாகப் போகக்கூடாது, பிளவுக்குக் கீழே நிற்கக்கூடாது என்ற புத்தி வேண்டும். ஆள் மாறினால் நினைவு போய்விடும். அதை விட மோசமானது, போகாமலே எழுதுவது. ஓர் இடத்தில் மூன்று மாதப் படிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்: ஒரே பேனா, ஒரே கையெழுத்து, 'வடிகால் திருப்தி' என்ற அதே இரண்டு சொல். அந்த வடிகாலில் நான் போனபோது ஆளுயரத்துக்குப் புதர். புகைப்படத்தில் இடமும் தேதியும் பதியும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே 20 இடங்களில் நின்று படம் எடுப்பது இதற்கு ஓரளவு மருந்து.

நடையால் முடியாததும் உண்டு. ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் அமுங்குவது கண்ணுக்குத் தெரியாது. சருகு மூடிய பிளவு தெரியாது. உள்ளே நீர்மட்டம் எங்கே என்பதும், அது கசிந்து வெளியே வரும் வரை, தெரியாது.

## 2. ட்ரோன்

நூற்றுக்கணக்கான ஹெக்டேர் நிலத்தை ஒன்றிரண்டு நாளில் முழுதாகப் பார்க்க வேறு வழி இல்லை. படங்களைக் கோத்து உயர வரைபடம் செய்தால், தண்ணீர் எங்கே தேங்கும், எந்தப் படியின் வாட்டம் தவறு, மழையில் அரித்த ஓடை எத்தனை கனமீட்டர் மண்ணைக் கொண்டுபோயிற்று என்று கணக்காகக் காட்டும். மேலே சொன்ன 37.5 டிகிரி, 30 மீட்டர் விதிகளைச் சரிபார்க்கவும் இதுதான் சுலபம். ஆள் கால் வைக்கக்கூடாத சரிவுகளைப் பார்ப்பதற்கும் இதுவே நல்லது.

ஆனால் மரம் வளர்ந்த இடத்தில் ட்ரோன் கேமரா தருவது மரத்தலையின் உயரம், மண்ணின் உயரம் அல்ல. மீட்ட நிலம் எவ்வளவு நன்றாக மீட்கப்பட்டதோ, ட்ரோன் படம் அவ்வளவு பயனற்றதாகிவிடும் என்பது ஒரு வேடிக்கை. லேசர் கருவி பொருத்திய ட்ரோன் இலை இடுக்கு வழியே தரையைத் தொடும். வாடகை பல மடங்கு.

துல்லியமும் விளம்பரத்தில் சொல்வது போல வராது. வெறும் தரையில், கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடமும் உயரமும் அளந்து தரையில் வைக்கும் அடையாளங்கள்) ஒழுங்காக வைத்தால், உயரத்தில் சில சென்டிமீட்டர் வரை நம்பலாம். அந்தப் புள்ளிகளை நிரப்பு மண்ணின் மேலேயே வைத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நிலம் இறங்கும்போது புள்ளியும் கூடவே இறங்கும். வரைபடத்தில் 'நகர்வே இல்லை' என்று வரும். அடிப்படைப் புள்ளி குழிக்கு வெளியே, தோண்டாத மண்ணில் இருக்க வேண்டும். சர்வேயரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

மழையிலும் பலத்த காற்றிலும் பறக்காது. வடகிழக்குப் பருவமழையில் புயல் சின்னம் உருவாகி நான்கு நாள் விடாமல் கொட்டும்போது, பார்க்க வேண்டிய நேரத்தில் அது பெட்டிக்குள் இருக்கும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பறக்கும் பகுதி எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்து, உரிமம் உள்ள ஆளை வைக்க வேண்டும். சுரங்கத்தின் அனுமதி தனி. படங்களைக் கோக்கும் கணினி வேலைக்குத் தனிக் காசு கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வெறும் படம் மட்டுமா, உயரத் தரவும் கையில் தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். தராவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிட எதுவும் இருக்காது.

என் கணக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: புரட்டாசியில் ஒன்று, தை மாதத்தில் ஒன்று.

## 3. செயற்கைக்கோள்

இங்கே இரண்டு வேறு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ராஞ்சியில் உள்ள சிஎம்பிடிஐ நிறுவனம் கோல் இந்தியாவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களின் மீட்புப் பணியைச் செயற்கைக்கோள் படங்களால் ஆண்டுதோறும் கண்காணிக்கிறது. எத்தனை ஹெக்டேர் நிரப்பினார்கள், எத்தனை ஹெக்டேரில் பச்சை வந்தது என்று அது காட்டும். பச்சை இருக்கிறது என்றால் நிலம் நிலையாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

நகர்வை அளப்பது ரேடார் செயற்கைக்கோள்களின் வேலை. ஐரோப்பாவின் சென்டினல்-1, ஒரு செயற்கைக்கோளே 12 நாளுக்கு ஒருமுறை அதே கோணத்தில் கடந்து போகும், தரவு இலவசம். இரண்டு கடவைகளின் அலை வேறுபாட்டை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அமுக்கத்தைச் சொல்லலாம். வேறு எந்த வழிக்கும் இல்லாத ஒரு வரம் இதற்கு உண்டு: பழசைப் பார்க்க முடியும். தரவுக் கிடங்கு 2014 முதல் இருக்கிறது. இன்று ஒரு நிலத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால், பத்து ஆண்டாக அது என்ன செய்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். கருவி எதுவும் புதைக்காமல் விட்ட நிலத்துக்கு இது பெரிய உதவி.

சங்கடங்களும் அதே அளவு. சென்டினலின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், அது இலையில் பட்டே திரும்பிவிடும். அடர்ந்த தோப்புள்ள மீட்ட நிலத்தில் பெரும்பாலும் வெற்றுப் புள்ளிகளே மிஞ்சும். புதிதாகக் கொட்டிய மண் வேகமாக இறங்குவதால், இரண்டு கடவைக்குள் நகர்வு கூடிப்போய்க் கணக்கு தப்பும். துருவப் பாதையில் போவதால் வடக்கு தெற்காகச் சரியும் மண்ணை அது ஏறக்குறைய பார்க்கவே பார்க்காது. உங்கள் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார், 24 சென்டிமீட்டர் நீள அலையையும் பயன்படுத்துகிறது. அது செடிகொடிகளை ஊடுருவுவதில் நிச்சயம் மேல். தோப்பு நிலங்களுக்கு இந்த வழி மெல்லத் திறக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

தரவு இலவசம் என்பதால் ஆய்வும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போடத் தெரிந்த ஆள் வேண்டும். அவர் தரும் வண்ண வரைபடத்தைச் சந்தேகப்படத் தெரிந்த இன்னொரு ஆளும் வேண்டும். நீரைப் பற்றி இது நேரடியாக ஒன்றும் சொல்லாது.

## 4. துளையும் கருவியும்

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது இது ஒன்றுதான். நீர் அழுத்தத்துக்குப் பீசோமீட்டர், உள்ளே எந்த ஆழத்தில் மண் பக்கவாட்டில் நழுவுகிறது என்பதற்கு இன்க்ளினோமீட்டர் குழாய், அமுக்கத்துக்குத் தட்டு. மூன்றும் வாங்கக் காசு இல்லையென்றால் பீசோமீட்டரை விடாதீர்கள்.

எளிய வகை, அடியில் வடிகட்டி வைத்த பிவிசி குழாய். அளவுநாடாவை இறக்கி நீர்மட்டம் பார்க்கலாம். பழுதாக ஒன்றும் இல்லை. மணலில் நன்றாக வேலை செய்யும். களிமண்ணில் அழுத்தம் இன்று ஏறினால் குழாயில் நீர் நாள் கணக்கில் தாமதமாக ஏறும். அதற்குள் மேடு போய்விடலாம். அங்கே, உள்ளிருக்கும் கம்பியின் அதிர்வை வைத்து அழுத்தத்தை அளக்கும் வைப்ரேட்டிங் வயர் வகை வேண்டும். உடனே காட்டும், தானாகப் பதியும். ஆனால் இடி விழுந்தால் போச்சு. கேபிளில் செம்பு இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தாலும் போச்சு.

குழாய் வறண்டு இருக்கிறது என்று ஒருவர் மகிழ்ச்சியாக எழுதினால், ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றச் சொல்லுங்கள். மட்டம் இறங்கினால் குழாய் உயிரோடு இருக்கிறது. ஊற்றியது அப்படியே நின்றால் வடிகட்டி அடைத்திருக்கலாம். களிமண் என்றால் இறங்க நேரம் பிடிக்கும், ஒருநாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

எங்கே போடுவது என்பதில்தான் பாதி வேலை. நிரப்புக்குள் களிமண் அடுக்கு இருந்தால் அதன் மேல் நீர் தொங்கி நிற்கும். ஒரே ஆழத்தில் ஒரே குழாய் போட்டால் அது தவறிவிடும். ஒரே இடத்தில் இரண்டு ஆழம் வேண்டும். சரிவின் அடியில் ஒன்று, நடுப்படியில் ஒன்று, பழைய குழி விளிம்பை ஒட்டி ஒன்று என்று வைத்தால் மூன்று இடத்துக்கு ஆறு குழாய். நடந்து பார்க்காமல் இந்த இடங்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. கோரை முளைத்த திட்டுதான் துளை போட வேண்டிய இடத்தைச் சொல்லும்.

நெய்வேலி மாதிரி நிலத்தில் ஒரு எச்சரிக்கை. துளையை நிரப்பின் அடியைத் தாண்டிக் கீழே உள்ள அழுத்த நீர்த்தாங்கிக்குள் இறக்கிவிட்டு, சுற்றிலும் பென்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) சிமென்ட் கலவையால் அடைக்காமல் விட்டால், நாமே கீழிருந்து தண்ணீர் ஏற ஒரு வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். அனுபவம் இல்லாத போர்வெல்காரரை விலை குறைவு என்று கூப்பிடக்கூடாது. தளர்வான நிரப்பில் துளை இடிந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்க இறக்கும் கேசிங் குழாயின் செலவு மதிப்பீட்டைத் தாண்டுவது வழக்கம்.

இத்தனையும் செய்தாலும் துளை என்பது புள்ளிதான். பத்து மீட்டர் தள்ளி நடப்பதை அது சொல்லாது.

## ஒரே பார்வையில்

| | நடை | ட்ரோன் | ரேடார் செயற்கைக்கோள் | துளைக்கருவி |
|---|---|---|---|---|
| மேல்நீர், வடிகால் | மிக நன்று | வாட்டம் நன்று, ஓட்டம் தெரியாது | இல்லை | இல்லை |
| உள்நீர் | கசிந்தால் மட்டும் | இல்லை | இல்லை | இது ஒன்றே |
| காட்டும் நகர்வு | பிளவு, புடைப்பு | சில செ.மீ. | மி.மீ., மெதுவானது மட்டும் | மி.மீ., அந்தப் புள்ளியில் |
| மழை நாளில் | முடியும், கவனத்தோடு | முடியாது | முடியும், 12 நாள் இடைவெளி | முடியும் |
| மரம் அடர்ந்த இடம் | சிரமம் | லேசர் இருந்தால் | பெரும்பாலும் தோல்வி | பாதிப்பு இல்லை |
| கடந்த காலம் | இல்லை | இல்லை | 2014 முதல் | இல்லை |
| மறைமுகச் செலவு | தொடர்ந்து ஒரே ஆள் | கட்டுப்பாட்டுப் புள்ளி, கணினி வேலை | நிபுணர் | கேசிங், திருட்டு, இடி, அளவெடுக்க ஆள் |

## எந்த நிலத்துக்கு எது

மேட்டடியில் வீடோ, சாலையோ, ஆள் வேலை செய்யும் இடமோ இருந்தால் பேரம் பேச வேண்டாம்: நடை, பீசோமீட்டர் இரண்டும் கட்டாயம். வேலை நடந்துகொண்டிருக்கும் குழிக்குள் இருக்கும் உள்மேடு என்றால், நிமிடத்துக்கு நிமிடம் சரிவைப் பார்க்கும் தரை ரேடார் வேண்டும். ஜார்க்கண்டின் லால்மாட்டியாவில் 2016 டிசம்பர் 29 அன்று சரிவில் 23 தொழிலாளர்கள் புதைந்துபோனதைப் பார்த்த பிறகு அதைச் செலவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மரம் நட்டுப் பல ஆண்டு ஆன, பக்கத்தில் யாரும் இல்லாத சமநிலம் என்றால் நடையே போதும். ஆண்டுக்கு நான்கு முறை, அதில் இரண்டு மழைக்காலத்தில். ட்ரோன் விடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் அந்தக் காசில் கார்லண்ட் டிரெயினைத் தூர் வாரச் சொல்லுங்கள்.

புதிதாகச் சமன் செய்து இன்னும் மரம் வராத நிலம் ட்ரோனுக்கு ஏற்றது. முதல் மழைக்கு முன்னும் பின்னும் பறக்கவிட்டால், வடிகால் வாட்டத்தைத் திருத்த நல்ல வரைபடம் கிடைக்கும். வயலாக மாற்றப்போகிறவர்களுக்கும் இது முக்கியம். அவர்களுக்கு அரை மீட்டர் அமுக்கம் உயிர்ப் பிரச்சினை இல்லை, ஆனால் பாத்தியில் தண்ணீர் ஒரு மூலையில் போய் நின்றுகொள்ளும்.

நிரப்பின் மேல் கட்டடம் கட்ட நினைப்பவர்கள் முதலில் செயற்கைக்கோளின் பழைய தரவைப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு வரைகோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டதா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று அது சொல்லும். படுத்துவிட்டது என்று வந்தாலும் பேச்சு முடியவில்லை. நீர் இன்னும் நிரப்புக்குள் ஏறாத நிலம் அமைதியாகத்தான் தெரியும். துளை போட்டு நீர்மட்டம் எங்கே இருக்கிறது, நிரப்பில் எவ்வளவு இன்னும் உலர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் அங்கே அஸ்திவாரம் போட நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

ஏரியாக விட்ட குழிக்கு நாக்டர்ஸ்டெட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறும் காலம் முழுவதும் கரைக்குள்ளும், கரைக்கு அடியில் உள்ள நீர்த்தாங்கியிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். அந்த அளவீடு பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கினால்தான் பிறகு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட முடியும். எனவே ஆய்வுக்குப் போகும் முதல் நாளே, எந்தக் கிணற்றின் பம்பை எந்த மாதம் நிறுத்தப்போகிறார்கள் என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.